ரெண்டு ஓட்டை தில்லைநாயகம்

கடைக்காரர் சாய்த்துப் பிடித்த மண்ணெண்ணெய் டின் குடக் குடக்கென்று விக்கிக்கொண்டிருந்தது. தில்லைநாயகம் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி நிமிர்த்தி வைத்தார். காக்கி அரைக்கால் சட்டைப் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்து, ஏற்கெனவே இருந்த ஓட்டைக்கு எதிர்மூலையில் வைத்து, படிக்கல்லால் ஒரே அடி. "இப்பம் ஊத்தும்வே. நூல் பிடிச்சாப்ல வரும்" என்று டின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆணியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவரை யாரும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அவர் வந்தது கருப்பட்டி வாங்க. ஒற்றை ஓட்டை டின்னோடு ஒரு மனிதர் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் ஆகாது.

தென்காசியில் அவருக்கு 'ரெண்டு ஓட்டை' என்று பட்டப்பெயர். அவர் காதுபடவே சொல்லுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தில்லைநாயகம் என்பது நான் இந்தக் கட்டுரைக்காக வைத்த பெயர். உண்மைப் பெயரைப் போட்டால் அவர் வேலைக்கு உலை வைத்தவன் ஆவேன். தென்காசிக்காரர்களுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிடும்தான். அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

குற்றாலத்து மலையடியிலிருந்து ஊருக்கு வரும் குடிதண்ணீர்க் குழாய்க்கு அவர் பிட்டர். பத்தொன்பது வருஷமாகப் பிட்டர். பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகம். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லியான உடம்பில் மூக்கும் முழங்கையும்தான் முதலில் கண்ணில் படும். சைக்கிளில் பின்சீட்டுக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி. அதில் ரெஞ்சு, சணல், கிரீஸ் டப்பா, பாதி கடித்த வெள்ளரிக்காய் எல்லாம் ஒன்றாகக் குடியிருக்கும்.

உலகத்தில் நடக்கிற தவறுகளுக்கெல்லாம் அவரிடம் ஒரே விளக்கம்தான் உண்டு. "தண்ணி போற வழிய எல்லாரும் பாக்கான். காத்து வார வழிய எவன் பாக்கான்?" கல்யாண வீட்டில் பாயச அண்டாவைக் கவிழ்க்கும்போதும் இதையே சொல்லுவார். பக்கத்துத் தெரு மாமியார் மருமகள் சண்டைக்கும் இதையே சொன்னார். அதிலும் அந்த மருமகளை நாலு நாள் பாவூர்சத்திரத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பிவைத்ததும் சண்டை ஓய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். மாடியின் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே புறவாசல் வரைக்கும் ஆஸ்பத்திரி ரப்பர் குழாய் ஒன்று எப்போதும் தொங்கும். வாடகை பேசியபோது அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. வந்த மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தால், என் வாசலில் மூன்று செங்கல்லை மேடாக அடுக்கி, அதன்மேல் பப்பாளி இலைத் தண்டுகளை ஒன்றோடொன்று செருகிக் குழாயாகப் படுக்கவைத்து, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்டின் ஒரு நுனி மெழுகால் அடைபட்டிருந்தது; மறுநுனி ரப்பர் குழாயில் செருகியிருந்தது. மேட்டின் உச்சியில், தண்டில் ஊசியால் குத்திய ஒரு சின்ன ஓட்டை.

"இது மலைப்பக்கம், இது ஊர்ப்பக்கம். கீழ புறவாசல்ல கிடக்கே நுனி, அதான் ஓடை. நடுவுல இந்த மேட்டுல இருக்கது ஏர்வால்வு" என்றார். தண்டு நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தார். கீழே அவர் மனைவி குழல்வாய்மொழி ரப்பர் குழாயின் நுனியை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "விடட்டுமா? அடுப்புல உலை கொதிக்கி" என்றாள். விடச் சொன்னார். தண்ணீர் அமைதியாக இறங்கிப்போனது. மறுபடி நிரப்பினார். இந்த முறை ஊசி ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு விடச் சொன்னார். பச்சென்று ஒரு சத்தம். மேட்டின்மேல் உருண்டையாக இருந்த தண்டு தட்டையாக ஒட்டிப்போய்க் கிடந்தது.

"பாத்தீரா? காத்துக்கு எடை இருக்குவே. முப்பத்தி நாலு அடி தண்ணிய ஒத்தையாத் தூக்கி நிறுத்தும். நம்ம தலையில எப்பவும் உக்காந்துதான் இருக்கு. தண்ணி எறங்குத நேரத்துல உள்ள காத்து வரலன்னு வையும், வெளிய இருக்க காத்து குழாயை அமுக்கிப்போடும். இரும்புன்னும் பாக்காது, எருக்குன்னும் பாக்காது."

இதற்கு எல்லாத் தண்டும் ஆகாது. அன்றைக்கு வெட்டிய தண்டு விறைப்பாக நிற்கும். அது பழைய வார்ப்பிரும்புக் குழாய்க்குச் சமானம். ஒருநாள் வெயிலில் வாடிய தண்டுதான் ஊர்க் குழாய் ஏறி இறங்கும் மேட்டில் இப்போது கிடக்கிற மெல்லிய எஃகுத் தகட்டுக் குழாய்க்குச் சரி. இதை அவர் கண்டுபிடிக்க இரண்டு வருஷமும் முந்நூறு தண்டும் ஆயிற்றாம். "மரம்னா எலை இருக்கணும், எலை இருந்தாத்தான காய் பிடிக்கும்? இவுக வளக்கது மரமா, பைப்பு கம்பெனி" என்பது குழல்வாய்மொழியின் கட்சி. அவர்கள் வீட்டுப் பப்பாளி மரத்தில் உச்சியில் நாலு இலைக்கு மேல் நான் பார்த்ததில்லை.

இவ்வளவு கெட்டிக்காரர் செய்த ஒரு காரியத்தை இனிச் சொல்லவேண்டும். குற்றாலம் சாலையில் மேலகரம் தாண்டி உள்ளே போனால், ஒரு மாந்தோப்பின் ஓரத்தில் பாறைமேடு இருக்கிறது. குழாய் அதன்மேல் ஏறி இறங்குகிறது. உச்சியில் முழங்கால் உயரத்துக்குப் பித்தளை ஏர்வால்வு. தண்ணீரோடு வருகிற காற்று மேட்டில் வந்து சேரும்போது வால்வு அதை உஸ்ஸென்று வெளியே விடும். குழாயை வடிக்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஐம்பத்தாறாம் வருஷம் அதன் பித்தளை மூடி இரண்டு தடவை களவு போயிற்று. இரண்டு தடவையும் தில்லைநாயகத்துக்குத்தான் திட்டு விழுந்தது. மூன்றாவது மூடியை மாட்டிய அன்று, அவர் வால்வுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு, தோப்புக் காவல்காரன் பேச்சிமுத்துவிடம், "ஏலே, இங்கன மாடன் இருக்கான். தொட்டா ரத்தம் கக்கிருவான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்குச் சாமியும் கிடையாது, பேயும் கிடையாது. பித்தளை தப்பித்தால் போதும் என்று செய்த யோசனை அது.

பித்தளை தப்பித்தது. யோசனைதான் கை மீறிப் போய்விட்டது. உஸ்ஸென்று ஊதுகிற சாமிக்கு ஊதுமாடன் என்று பேர் வந்தது. பேச்சிமுத்துவே பூசாரி ஆனான். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்க் காப்பு, சந்தனக் காப்பு. இலத்தூரிலிருந்தெல்லாம் பெண்கள் பொங்கல் வைக்க வந்தார்கள். சிமெண்டில் பீடம் எழும்பியது; அதன்மேல் பேச்சிமுத்து தவிர யாரும் கால் வைக்கக்கூடாது என்று சட்டமும் வந்தது. தில்லைநாயகம் சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போது பார்த்துத் தமக்குள் சிரித்துக்கொள்வார். மூடி பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில், ஐந்து வருஷம் அவர் வால்வைத் திறந்தே பார்க்கவில்லை. காற்று வருகிற வழியை எவன் பார்க்கிறான் என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தவர்!

போன வருஷம் மே மாதம். ஓடைக்கு அருகில் குழாய் மூட்டு ஒன்று ஒழுகியது. சாரல் தொடங்கி ஊர் நிறைய ஆள் வந்து சேருவதற்குள் அதை மாற்றியாக வேண்டும். அதற்குக் குழாயை முழுக்க வடிக்கவேண்டும். எஃகுக் குழாய் போட்ட பிறகு வடிப்பது அதுதான் முதல் தடவை. புதிதாக வந்திருந்த என்ஜினீயர் ஞானதுரை பாளையங்கோட்டைக்காரர், இருபத்தேழு வயசு. ஸ்லைடு ரூலை வைத்துக் கணக்குப் போட்டு, வியாழக்கிழமை காலை ஓடையில் வடிகால் வால்வைத் திறந்தால் இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும் என்று தேதி குறித்துவிட்டார். தில்லைநாயகத்தை நிரந்தரமாக்கும் காகிதமும் அவர் மேஜையில்தான் இருந்தது. அதற்கு நடத்தைக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்.

அன்று ஆபீஸில் நடந்ததைத் தில்லைநாயகமே சாயங்காலம் மாடிக்கு வந்து சொன்னார். "'ஏர்வால்வு நல்லா இருக்குல்லா'ன்னு கேட்டாரு. 'இருக்கு சார்'னேன். 'கடைசியா எப்பம் திறந்து பாத்தீங்க'ன்னாரு. 'பாத்துச் சொல்லுதேன் சார்'னுட்டு வந்துட்டேன். பொங்கலுக்கு அப்புறம் அது ஊதவே இல்லவே. சாமி தவத்துல இருக்குன்னு பேச்சிமுத்து சொல்லிக்கிட்டுத் திரியுதான். தவமா அது? அஞ்சு வருஷத்துச் சந்தனம் அடைச்சுப்போய்க் கெடக்கு!"

அடைப்போடு வடித்தால் மேட்டில் கிடக்கும் எஃகுக் குழாய் பப்பாளித் தண்டு மாதிரி ஒட்டிவிடும். புதுக் குழாய் வந்து சேர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஊருக்குத் தண்ணீர் இல்லை. உண்மையைச் சொன்னாலோ, ஆபீஸ் வால்வைச் சாமியாக்கிய பிட்டரை எந்த என்ஜினீயரும் நிரந்தரமாக்கமாட்டார்.

"ஊர்க்காரங்க செஞ்சதுன்னு சொல்லிரலாமே" என்றேன் நான்.

"சொன்னா போலீசோட வருவாரு. பேச்சிமுத்துவப் பிடிச்சுட்டுப் போவாக. என் தப்புக்கு அவன் அடி வாங்கணுமாக்கும்?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். நான் வெட்கப்பட்டேன். அதுவரை வேடிக்கைப் பேர்வழி என்று மட்டும் நினைத்திருந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் இருவரும் தோப்புக்குப் போனோம். சைக்கிள் பெட்டியில் ஒருநாள் வாடிய தண்டுகள், ரப்பர் குழாய், ஒரு செம்பு. பேச்சிமுத்து பீடத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். தில்லைநாயகம் சுற்றி வளைக்கவில்லை.

"ஏலே பேச்சிமுத்து, இது சாமி இல்லலே. ஏர்வால்வு. களவு போயிரக்கூடாதுன்னு நாந்தான் பொட்டு வச்சேன். உங்கிட்டச் சொன்னது பச்சப் பொய்."

பேச்சிமுத்து கொஞ்சமும் அசரவில்லை. விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டு, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரிப் பரிவோடு சொன்னான்: "பொட்டு வச்சது நீங்கதான் அண்ணாச்சி. எனக்குத் தெரியாதா? உங்கள வைக்கச் சொன்னது யாரு?"

தில்லைநாயகம் என்னைப் பார்த்தார்.

பிறகு பேச்சை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார். பாறைச் சரிவில் தண்டுகளைச் செருகிப் படுக்கவைத்தார். ரப்பர் குழாயைச் சரிவில் கீழே இறக்கி நுனியை என்னிடம் கொடுத்தார். ஊசி ஓட்டையைத் திறந்துவைத்து ஒருமுறை வடித்துக் காட்டினார். அடுத்து பீடத்து விளிம்பிலிருந்து ஒரு துளிச் சந்தனத்தைப் பேச்சிமுத்துவையே எடுத்துத் தரச் சொல்லி, அதை ஓட்டையில் அப்பிவிட்டு என்னை விடச் சொன்னார். பச்சென்றது. பேச்சிமுத்து குனிந்து பார்த்தான். "இன்னொரு தரம்" என்றான். புதுத் தண்டு மாற்றி இன்னொரு தரம் செய்தார். மூன்றாம் தரம் சந்தனத்தை அவனே அப்பினான். ஒட்டிப்போன தண்டைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தான்.

"அப்பம், பொங்கல்லருந்து அது பேசாம இருந்தது..."

"தவம் இல்லலே. மூச்சு முட்டு."

"நானா அடைச்சேன்?"

"நீயும் நானும் சேந்துதான் அடைச்சிருக்கோம்."

பேச்சிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு அது குழாயா, சாமியின் தொண்டையா என்று நான் கேட்கவில்லை. தில்லைநாயகமும் கேட்கவில்லை. "காலம்பர வாங்க அண்ணாச்சி. நானே கழுவுதேன். நீங்க எப்பிடின்னு சொல்லணும். ஆனா பீடத்துல ஏறக்கூடாது" என்றான்.

மறுநாள் விடிந்தபோது, ஊரின் ஒரே ஏர்வால்வு நிபுணர் பீடத்துக்கு வெளியே கை கட்டி நின்றுகொண்டு பூசாரிக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். "மூடிய இடப்பக்கமாத் திருப்பு. இடப்பக்கம்லே! சோத்துக்கையில்லாத பக்கம்! வெந்நிய ஊத்து. உள்ள பந்து ஒண்ணு இருக்கும், அத நோண்டாத. ஏ, மெதுவா!" உள்ளே கையை விட்டுத் தாமே நோண்டிவிட அவர் உடம்பு முழுக்கத் துடித்தது, கால் மட்டும் பீடத்துக்கு வெளியிலேயே நின்றது. ஈர்க்குச்சியால் நோண்ட நோண்டச் சந்தனம் கட்டி கட்டியாக வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, துளசிக் காம்பு, கற்பூரக் கரி எல்லாம் வந்தன. ஒரு குடம் வெந்நீரும் கால்படிச் சீயக்காயும் செலவான பிறகு, வால்வு நாலு மாதத்துக் காற்றை ஒரு சீறலில் வெளியே விட்டது. செய்தி கேட்டுக் கூடியிருந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

அந்தக் குலவைக்கு நடுவில்தான் ஞானதுரை வந்து சேர்ந்தார். ஓடைக்கு நேராகப் போவதாக இருந்தவர், மேட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்துவிட்டார். பீடம், மாலை, குங்குமம், வெந்நீர்க் குடம் எல்லாவற்றையும் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஓடையில் நின்ற ஆட்களுக்கு வடிகாலைத் திறக்கச் சைகை காட்டினார். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. வால்வுக்குள் தண்ணீரில் மிதந்து வாயை மூடியிருந்த பந்து டொக்கென்று கீழே விழும் சத்தம் கேட்டது. உடனே வால்வு காற்றை உள்ளே இழுக்கத் தொடங்கியது. அப்படி ஒரு இரைச்சலை நான் கேட்டதில்லை. பெண்கள் பரவசப்பட்டுப் பூவை அள்ளி வீச வந்தார்கள். "பூ வேண்டாம்மா! பூ உள்ள போயிரும்!" என்று தில்லைநாயகம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். அவர் முழங்கை பட்டுப் பேச்சிமுத்துவின் பித்தளைச் சந்தனக் கிண்ணம் உருண்டு சேற்றில் விழுந்தது. அதை எடுக்கவும் யாருக்கும் நேரமில்லை. இரண்டு மணி நேரம் அவர் அப்படியே நின்றார், கண்ணை மட்டும் குழாயின் வயிற்றிலிருந்து எடுக்காமல்.

குழாய் ஒட்டவில்லை. இரைச்சல் மெல்லத் தணிந்து நின்றது. ஞானதுரை குழாயின் அடியில் குனிந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தட்டிப் பார்த்துக்கொண்டே போய் வந்தார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் அசந்திருந்தா இருநூறு அடிக் குழாய் போயிருக்கும். இந்தக் கூத்தை முதல்ல ஆரம்பிச்சு வச்சது யாரு?"

தில்லைநாயகம் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் இங்கே முடிந்தது என்று நினைத்தேன்.

"யாரும் வைக்கல சார்" என்று முந்திக்கொண்டான் பேச்சிமுத்து. "சுயம்பு."

"என்னது?"

"தானா முளைச்சது சார்."

ஞானதுரை வால்வின் இடுப்பில் வார்த்திருந்த கம்பெனிப் பெயரையும் நம்பரையும் ஒருமுறை படித்தார். பேச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். தில்லைநாயகத்தின் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் எழுதாமலே பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு, மூட்டைப் பார்க்க ஓடைக்கு இறங்கிப் போனார்.

தில்லைநாயகம் சேற்றில் கிடந்த சந்தனக் கிண்ணத்தைத் தேடி எடுத்தார். குடத்தில் மிச்சமிருந்த வெந்நீரை ஊற்றிக் கழுவினார். தோளில் கிடந்த துண்டால் உள்ளும் வெளியும் துடைத்தார். தம்மைவிடப் பன்னிரண்டு வயது இளையவனான பேச்சிமுத்துவை அவர் ஒருநாளும் 'ஏலே' போடாமல் கூப்பிட்டதில்லை. அவன் முன்னால் போய் நின்று, கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.